கசக்காத மருந்து

கருவாற்றங்கரைக் காட்டில் குன்றி என்றொரு சருகுமான் இருந்தது. பெயருக்குத்தான் மான். உருவமோ முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கொம்பு கிடையாது. உதைத்தால் ஒரு பூனைக்குக்கூட வலிக்காது. ஆபத்து வந்தால் சருகோடு சருகாக அசையாமல் நின்றுவிடும்.

அதற்கு மிளகு என்றொரு குட்டி.

அந்தக் கோடையில் காட்டுக்குள் ஒரு நோய் புகுந்தது. முதலில் காய்ச்சல் வரும். பிறகு தொண்டையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி வரும். அது நெல்லிக்காய் அளவுக்கு வளரும். அதற்கு மேலும் வளர்ந்தால் மூச்சு நின்றுவிடும். யாரோ கழுத்தைப் பிடித்து நெரித்தது போல விழி பிதுங்கிச் செத்துக் கிடப்பார்கள். விலங்குகள் அந்த நோய்க்கு ‘நெரிப்பான்’ என்று பேர் வைத்தன. வைத்த பேரைச் சொல்லவும் பயந்தன. “அவன் வந்துவிட்டான்” என்று மட்டும் கிசுகிசுத்தன.

ஒரு நாள் காலையில் மிளகு பால் குடிக்கவில்லை. குன்றி அதன் கழுத்தை நக்கிக் கொடுத்தது. நாக்கில் ஏதோ உருண்டையாக இடறியது.

மறுபடியும் நக்கிப் பார்த்தது. புளியங்கொட்டை அளவு இருந்தது.

அன்றைக்கே மரக்கிளைகளிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“நெரிப்பானுக்கு மருந்து! நெரிப்பானுக்கு மருந்து! சருகுமான்களே, முயல்களே, பாறைப் பட்டிக்கு வாருங்கள்! மருந்தும் தருகிறேன், தீனியும் தருகிறேன்! சிறுத்தை பயமில்லை, காவல் போட்டிருக்கிறேன்!”

குரல் கொடுத்தது கருங்குரங்கு மருதன். அந்தக் காட்டின் வைத்தியர் அதுதான். காலில் தைத்த முள்ளை எடுக்கும். முறிந்த எலும்புக்குப் பட்டை வைத்துக் கட்டும். எந்த வேரை எந்த இலையோடு அரைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். மருதன் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

குன்றி அண்ணாந்து பார்த்துக் கேட்டது. “வைத்தியரே! நிஜமாகவே மருந்து இருக்கிறதா?”

“இல்லாமலா கூப்பிடுகிறேன்?”

“எங்களை மட்டும் கூப்பிடுகிறீர்களே? யானைக்கும் காட்டெருமைக்கும் வேண்டாமா?”

“அவர்கள் பிறகு வரட்டும். சின்னவர்களுக்குத்தான் முதலில்!” என்றது மருதன்.

குன்றிக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னவர்களுக்கு முதலில் என்று அந்தக் காட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. தண்ணீர்த் துறையில்கூட எல்லோரும் குடித்துக் கலக்கிய பிறகுதான் சருகுமானுக்கு இடம் கிடைக்கும்.

அது மிளகை அழைத்துக்கொண்டு கிளம்பியது. வழியில் பக்கத்துப் புதரில் வாழும் பஞ்சு என்ற முயலும் சேர்ந்துகொண்டது. பஞ்சுவுக்கும் கழுத்தில் கட்டி. பேசும்போது மூச்சு இரைத்தது.

“பயமாக இருக்கிறது, அக்கா” என்றது பஞ்சு.

“வைத்தியர் இருக்கும்போது என்ன பயம்?” என்றது குன்றி. அதற்கும் பயமாகத்தான் இருந்தது.

பாறைப் பட்டி என்பது ஆற்றோரம் இருந்த ஒரு திட்டு. ஒரு பக்கம் உயரமான பாறை. ஒரு பக்கம் ஆழமான மடு. மற்ற இரண்டு பக்கமும் மருதன் முள்வேலி போட்டிருந்தது. உள்ளே போக ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் இரண்டு செந்நாய்கள் படுத்திருந்தன.

குன்றி அப்படியே நின்றுவிட்டது. காது மடல்கூட அசையவில்லை.

“பயப்படாதே, வா” என்று மருதன் கூப்பிட்டது. “இவர்கள்தான் காவல்.”

“செந்நாயா எங்களுக்குக் காவல்?”

“என்னோடு பேசி முடிவு செய்திருக்கிறார்கள். பட்டிக்குள் இருப்பவர்களைத் தொட மாட்டார்கள்.”

செந்நாய்களில் ஒன்று வாலை ஆட்டியது. இன்னொன்று உதட்டை நக்கிக்கொண்டது.

மிளகு இருமியது. அந்த இருமல்தான் குன்றியை உள்ளே தள்ளியது.

உள்ளே நடுவிலும் ஒரு முள்வேலி இருந்தது. மருதன் வந்தவர்களை வரிசையாக நிறுத்தி விரலை நீட்டியது. “நீ இடது பக்கம். நீ வலது பக்கம். நீ இடது. நீ வலது.” பஞ்சு இடது பக்கம் போனது. குன்றியும் மிளகும் வலது பக்கம் வந்தன.

“வைத்தியரே, எதற்கு இரண்டு பக்கம்?” என்று குன்றி கேட்டது.

“கூட்டம் நெருக்காமல் இருக்க!”

“நாங்கள் எப்போது வீட்டுக்குப் போகலாம்?”

“குணமானதும் போகலாம்.”

“அதற்கு முன்னால் போக வேண்டும் என்று தோன்றினால்?”

மருதன் சிரித்தது. “ஏன் தோன்ற வேண்டும்?” என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டது.

தினமும் காலையில் மருதன் தேக்கிலைத் தொன்னைகளில் மருந்து கொண்டு வந்தது. பழுப்பு நிறத்தில் கலங்கலாக இருந்தது மருந்து. மிளகு முகம் சுளிக்காமல் குடித்தது. மருதன் ஒவ்வொருவர் கழுத்தையும் விரலால் அழுத்திப் பார்க்கும். கண் இமையைத் தூக்கிப் பார்க்கும். “சரி, சரி” என்று தலையாட்டும். எல்லோரிடமும் அதே ‘சரி, சரி’தான். நல்ல முகமா, கெட்ட முகமா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வலது பக்கத்தில் ஈச்சி என்ற இளம் சருகுமான் இருந்தது. கட்டி நெல்லிக்காயைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அதுதான் எல்லோருக்கும் தைரியம் சொன்னது.

“மருந்து மெதுவாகத்தான் பிடிக்கும், அக்கா. நாளைக்குப் பாருங்கள், உங்கள் மிளகு குதிக்கப் போகிறது!”

மறுநாள் மிளகு குதிக்கவில்லை. அதன் கட்டி இன்னும் பெரிதாகியிருந்தது.

அன்று வலது பக்கத்தில் தவிட்டன் என்ற கிழட்டுச் சருகுமான் செத்துப்போனது. மருதன் வந்து குனிந்தது. கட்டியை அழுத்திப் பார்த்தது. வாயைத் திறந்து உள்ளே பார்த்தது. நீண்ட நேரம் பார்த்தது. பிறகு தனக்குத்தானே, “நல்லது” என்று முணுமுணுத்தது.

அது குன்றியின் காதில் விழுந்தது. செத்துக் கிடப்பவனைப் பார்த்து நல்லது என்கிறாரே!

மருதன் தவிட்டனைக் காலைப் பிடித்துப் பாறைக்குப் பின்னால் இழுத்துப் போனது. வாசலில் படுத்திருந்த செந்நாய்கள் இரண்டும் எழுந்து சோம்பல் முறித்தன. பாறைக்குப் பின்னால் போயின. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது.

குன்றி மிளகின் காதை மறைத்துப் படுத்துக்கொண்டது. செந்நாய்கள் எதற்காகக் காவலுக்கு வந்தன என்று அப்போதுதான் அதற்குப் புரிந்தது.

அதன் பிறகும் வலது பக்கத்தில் சாவு விழுந்தது. ஒரு முயல். அதன் பிறகு இன்னொரு முயல். ஒவ்வொரு முறையும் மருதன் குனிந்து பார்த்தது. ஒவ்வொரு முறையும் பாறைக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. இடது பக்கத்திலிருந்து மட்டும் யாரையும் இழுத்துப் போகவில்லை.

குன்றி நடுவேலிக்குப் போனது. முட்களுக்கு நடுவே பஞ்சுவின் முகம் தெரிந்தது. குன்றி திடுக்கிட்டது. பஞ்சுவின் கழுத்து மெலிந்திருந்தது. கட்டியையே காணோம்!

“பஞ்சு! உனக்குக் குணமாகிவிட்டதா?”

“ஆமாம், அக்கா! மூச்சு நன்றாக வருகிறது. ஆனால் அந்த மருந்து இருக்கிறதே, அப்பப்பா! என்ன கசப்பு! குடித்தால் நாள் முழுக்க நாக்கு செத்துக் கிடக்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது. குட்டி எப்படித்தான் குடிக்கிறதோ!”

குன்றி வேலியை இன்னும் நெருங்கியது.

“கசப்பா?” என்றது மெதுவாக.

“உங்களுக்குக் கசக்கவில்லையா?”

“பஞ்சு, மூஞ்சியைக் கொஞ்சம் இப்படி நீட்டு.”

பஞ்சு முட்களுக்கிடையே மூக்கை நீட்டியது. அதன் மீசையில் காலையில் குடித்த மருந்து காய்ந்து ஒட்டியிருந்தது. குன்றி அதை நாக்கின் நுனியால் தொட்டது. மறுகணம் உடம்பு முழுவதும் குலுங்கியது. அத்தனை கசப்பு!

பிறகு அது திரும்பி ஓடி, மிளகின் காலித் தொன்னையை நக்கிப் பார்த்தது. சருகு ஊறிய தண்ணீர். வெறும் சருகுத் தண்ணீர்.

என் குட்டி இத்தனை நாளும் குடித்தது இதைத்தானா?

மருதன் பாறை மேல் உட்கார்ந்து ஏதோ மரப்பட்டையை நசுக்கிக்கொண்டிருந்தது. குன்றி பாறையடியில் போய் நின்றது. நான்கு கால்களும் நடுங்கின. ஆனாலும் கேட்டுவிட்டது.

“வைத்தியரே! எங்கள் பக்கம் மருந்தே கொடுக்கவில்லையே! ஏன்?”

மருதனின் கை நின்றது. அது சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தது. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட குன்றிக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

“நீ கெட்டிக்காரி” என்றது மருதன். “சொல்கிறேன், கேள். இந்தப் பட்டை நெரிப்பானைப் போக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றினால் போதுமா? எல்லோருக்கும் கொடுத்தால், குணமானது பட்டையாலா, தானாகவா என்று எப்படித் தெரியும்? அதனால் பாதிப் பேருக்குக் கொடுத்தேன். பாதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. இப்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.”

“எங்களிடம் சொல்லவே இல்லையே!”

“சொல்லியிருந்தால் வந்திருப்பாயா?”

“வந்திருக்க மாட்டேன்!”

“பார்த்தாயா! அதனால்தான் சொல்லவில்லை.”

“நான் வேண்டாம் என்பேன் என்று தெரிந்துகொண்டேதானே கேட்காமல் விட்டீர்கள்!”

மருதன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. “இந்த ஒரு காட்டை மட்டும் பார்க்காதே, குன்றி. நெரிப்பான் இன்னும் எத்தனை காடுகளுக்குப் போவானோ! உங்கள் சிலரால் ஆயிரம் ஆயிரம் உயிர் பிழைக்கும்.”

“அந்தச் சிலரில் உங்கள் குட்டி இருக்கிறதா, வைத்தியரே?”

மருதன் விரலில் ஒட்டியிருந்த பட்டைத் தூளைத் தட்டியது.

“சரி, இப்போதுதான் தெரிந்துவிட்டதே!” என்று குன்றி கெஞ்சியது. “இடது பக்கம் ஒருவர்கூடச் சாகவில்லை. பட்டை பலிக்கிறது! இனிமேலாவது எங்களுக்கும் கொடுங்கள்!”

“இன்னும் கொஞ்சம் உறுதியாகட்டும்.”

“இன்னும் எத்தனை பேர் செத்தால் உறுதியாகும்?”

மருதன் குனிந்து குன்றியின் காதருகே வந்தது. அதன் கையில் பட்டையின் கசப்பு வாசம் அடித்தது.

“ஒன்று செய்கிறேன். உன் குட்டியை இன்றைக்கே இடது பக்கம் மாற்றிவிடுகிறேன். அது பிழைத்துக்கொள்ளும். நீ வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் எல்லோரும் ஓடுவார்கள். வெளியே செந்நாய் இருக்கிறது. அப்புறம் உன் இஷ்டம்.”

குன்றி குட்டியைத் திரும்பிப் பார்த்தது. மிளகு வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

குன்றி தலையை ஆட்டிவிட்டது.

அன்று மாலையே மிளகு இடது பக்கம் போனது. கசப்பு மருந்தைக் குடித்துவிட்டுக் கத்தி அழுதது. அந்த அழுகை குன்றிக்கு இனித்தது. ஆனால் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் பாறைக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

விடிந்ததும் ஈச்சி தள்ளாடிக்கொண்டு வந்தது. அதன் கண்கள் பிதுங்கத் தொடங்கியிருந்தன.

“அக்கா, மிளகு எங்கே? ஐயோ, அதுவும்...?”

“இல்லை, இல்லை. அந்தப் பக்கம் இருக்கிறது. நன்றாக இருக்கிறது.”

“அப்பாடா!” என்றது ஈச்சி. “நான்தான் சொன்னேனே, மருந்து பிடிக்கும் என்று!” அப்படிச் சொல்லிவிட்டுத் தன் தொன்னையில் இருந்த சருகுத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தது. தொண்டை அடைத்துப் பாதி வெளியே வழிந்தது. வழிந்ததையும் நக்கிக் குடித்தது.

குன்றியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

பெரிய ஆபத்து வந்தால் சருகுமான் பின்னங்கால்களால் தரையைத் தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் மற்ற சருகுமான்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும். குன்றி தட்டியது. படபட படபட என்று விடாமல் தட்டியது. பட்டி முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன.

“எல்லோரும் கேளுங்கள்!” என்று குன்றி கத்தியது. அதன் வாழ்நாளில் அது அப்படிக் கத்தியதில்லை. “நமக்குக் கொடுப்பது மருந்து இல்லை! சருகுத் தண்ணீர்! மருந்து கசக்கும்! இடது பக்கத்தாருக்கு மட்டும்தான் மருந்து! நாம் எப்படிச் சாகிறோம் என்று பார்ப்பதற்காகத்தான் நம்மை இந்தப் பக்கம் விட்டிருக்கிறார்!”

“பொய்!” என்று மருதன் பாறை மேலிருந்து அலறியது.

“பொய் என்றால் இடது பக்கத் தொன்னையை நக்கிப் பாருங்கள்!”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பஞ்சு கத்தியது. “குன்றி அக்கா சொல்வது உண்மை! எங்கள் மருந்து கசக்கிறது! வைத்தியரே, காட்டெருமையிடம் இப்படிச் செய்து பார்த்திருப்பீர்களா? நாங்கள் சின்னவர்கள் என்றுதானே எங்களைக் கூப்பிட்டீர்கள்!”

பிறகு எல்லோரும் ஓடினார்கள்.

முள்வேலியில் சந்துகள் இருந்தன. எல்லோருக்கும் அது முன்பே தெரியும். அவர்களை அதுவரை உள்ளே கட்டிப் போட்டிருந்தது வேலி இல்லை. மருந்து என்ற நம்பிக்கைதான். இப்போது முள் கிழித்தாலும் பரவாயில்லை என்று நுழைந்தார்கள். முயல்களின் ரோமம் முட்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

செந்நாய்கள் வாசலை விட்டுப் பாய்ந்தன.

“விடுங்கள்! அவர்களைத் தொடாதீர்கள்!” என்று மருதன் கதறியது. “தொட மாட்டோம் என்று சொன்னீர்களே!”

“பட்டிக்குள் இருப்பவர்களைத்தானே தொட மாட்டோம் என்றோம்?” என்றது ஒரு செந்நாய். “இவர்கள் வெளியே அல்லவா இருக்கிறார்கள்!”

குன்றி நடுவேலியில் நுழைந்து மிளகிடம் போய்ச் சேர்ந்தது. விலாவில் முள் கோடு கிழித்தது. “மிளகு! என் பின்னாலேயே வா! மூச்சைப் பிடித்துக்கொள்!” இரண்டும் மடுவில் குதித்தன. கரையிலிருந்து ஒரு மருத மரத்தின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. அந்த வேர்களுக்கு அடியில் மூக்கு நுனி மட்டும் தெரியும்படி அமுங்கிக்கொண்டன.

அங்கிருந்து குன்றி ஈச்சியைப் பார்த்தது.

ஈச்சி வேலியைத் தாண்டிவிட்டது. ஆனால் அதற்கு மேல் முடியவில்லை. ஓட மூச்சு வேண்டுமே! வாயைத் திறந்துகொண்டு வெட்டவெளியில் அப்படியே நின்றது. சருகு இல்லாத வெறும் மண்ணில் சருகு போல அசையாமல் நின்றது.

செந்நாய் அவசரப்படாமல் அதனிடம் நடந்து வந்தது.

குன்றி கண்ணை மூடித் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. மூச்சு முட்டும்வரை எழவில்லை. எழுந்தபோது கரையில் ஈச்சி இல்லை. இன்னொரு செந்நாய் மடுவின் ஓரத்தில் நின்று தண்ணீரை மோந்துகொண்டிருந்தது. அதன் மூச்சுக்காற்றில் தண்ணீர் சுழித்தது. மிளகு இருமப் போனது. குன்றி தன் கழுத்தால் அதன் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டது. செந்நாய் காதைத் திருப்பியது. பிறகு தூரத்தில் ஏதோ முயல் ஓடும் சத்தம் கேட்டு அந்தப் பக்கம் பாய்ந்தது.

நேற்றே சொல்லியிருந்தால்? குன்றியின் நெஞ்சுக்குள் அது ஒன்றுதான் ஓடியது. நேற்று மாலை ஈச்சிக்கு இதைவிடக் கொஞ்சம் மூச்சு இருந்ததே!

பிழைத்தவர்கள் ஆற்றின் மேற்பக்கம் ஒரு புதர்க்காட்டில் ஒன்றுசேர்ந்தார்கள். பஞ்சு அங்கே இருந்தது. அதற்கு அந்தக் கசப்பின் வாசம் நன்றாகத் தெரியும். மூக்கைத் தூக்கி மோந்துகொண்டே போய், பட்டை உரித்த ஒரு பாலை மரத்தைக் கண்டுபிடித்தது. உரித்த இடத்தில் பால் வடிந்து காய்ந்திருந்தது.

குன்றி முதலில் தானே கடித்துத் தின்றது. பிறகு மென்று மிளகுக்கு ஊட்டியது. பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டது.

“இதுதான் அந்தப் பட்டை. கசக்கும். வயிறு புரட்டும். பஞ்சுவுக்குக் கட்டி கரைந்தது. உங்களுக்கும் கரையும் என்று நினைக்கிறேன். வேண்டுமென்றால் தின்னுங்கள். வேண்டாமென்றால் போங்கள், யாரும் தடுக்க மாட்டோம்.”

பலர் தின்றார்கள். சிலர் பட்டையையும் குன்றியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். “இனிமேல் மருந்து என்ற பேச்சே வேண்டாம்” என்று சொல்லிப் புதருக்குள் மறைந்தார்கள். அவர்களில் ஒரு முயல் செத்துப்போனது. குன்றி அதற்காக அழுதது. ஆனால் யாரையும் துரத்திப் போய் வாயில் திணிக்கவில்லை.

மிளகின் கட்டி கரைந்தது. மழை வந்தது. நெரிப்பான் போய்விட்டான்.

பயம் மட்டும் போகவில்லை. மருதன் மரத்தில் தாவினால் கீழே எல்லோரும் குட்டிகளை மறைத்தார்கள். ஒரு புள்ளிமானுக்குக் கால் முறிந்தது. அது நொண்டிக்கொண்டே திரிந்ததே தவிர மருதனிடம் போகவில்லை. முள் தைத்த குளம்பு சீழ் வைத்தாலும் யாரும் காட்டவில்லை. மருதன் மற்றக் காடுகளுக்கும் போய், “பாலைப் பட்டை நெரிப்பானைப் போக்கும்! நான் சோதித்துப் பார்த்தேன்!” என்று கூவியது. சொன்னது உண்மைதான். ஆனால் யாரிடம் சோதித்தது, எப்படிச் சோதித்தது என்ற செய்தி அதற்கு முன்னாலேயே அங்கே போய்விட்டது. ஒருவரும் அந்தப் பட்டையைத் தொடவில்லை.

அடுத்த கோடையில் வேறொரு நோய் வந்தது. கண்ணில் சீழ் கோக்கும். இமை ஒட்டிக்கொள்ளும். அப்படியே விட்டால் பார்வை போய்விடும். குன்றியின் இடது கண்ணில் அது தொடங்கியிருந்தது. பஞ்சுவுக்கு இரண்டு கண்ணிலும்.

ஒரு நாள் காலையில் குன்றியின் புதருக்கு வெளியே சருகு நொறுங்கியது. குன்றி உறைந்து நின்றது. வந்தது மருதன். மரத்திலிருந்து இறங்கித் தரையில் நடந்து வந்திருந்தது. அதன் ஒரு கண் சிவந்து வீங்கியிருந்தது. பின்னால் செந்நாய் இல்லை.

அது புதருக்குள் வரவில்லை. தள்ளியே உட்கார்ந்தது.

“குன்றி, ஒரு வேர் இருக்கிறது. இந்தக் கண் நோய்க்கு ஆகும் என்று தோன்றுகிறது. நிச்சயமாகத் தெரியாது. முதலில் என் கண்ணில் விட்டுக்கொண்டேன். நெருப்பாக எரிகிறது. இன்னும் நிற்கவில்லை. கெடுதலும் வரலாம்.”

குன்றி மிளகைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டது.

“பாதிப் பேருக்கு வேர்ச்சாறு, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்ல மாட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பலிக்கிறது என்று தெரிந்த அன்றே எல்லோருக்கும் கொடுப்பேன். கெடுக்கிறது என்று தெரிந்தால் அன்றே நிறுத்துவேன். வேலி கிடையாது. நடுவில் எழுந்து போகலாம். ஏன் என்று கேட்க மாட்டேன். யாரையும் பெரியவர் சின்னவர் என்று பார்க்கவில்லை. இப்போது காட்டெருமையிடமும் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.”

“ஈச்சிக்கு என்ன பதில் சொல்வீர்கள்?” என்று குன்றி கேட்டது.

“பதில் இல்லை” என்றது மருதன்.

பஞ்சு பக்கத்துப் புதரிலிருந்து தடவித் தடவி வெளியே வந்தது. “வைத்தியரே, எழுந்து போக வேண்டும் என்று தோன்றினால் போகலாமா?”

“போகலாம்.”

“அப்படியென்றால் நான் வருகிறேன். எனக்கு வேறு வழியில்லை என்பதற்காக இல்லை. எல்லாவற்றையும் கேட்டேன், சரி என்று பட்டது, வருகிறேன்.”

மருதன் குன்றியைப் பார்த்தது. “நீ?”

குன்றியின் இடது கண்ணிலிருந்து சீழ் வழிந்தது. முன்பு பாறையடியில் நின்றபோது நடுங்கிய மாதிரியே நான்கு கால்களும் நடுங்கின.

“வேண்டாம்” என்றது குன்றி.

மருதன் காரணம் கேட்கவில்லை. கெஞ்சவில்லை. பயமுறுத்தவும் இல்லை. “சரி” என்றது. எழுந்து, பஞ்சுவின் நடைக்கு ஏற்றபடி மெதுவாக நடந்து போய்விட்டது.

குன்றி காதை நிமிர்த்திக் காத்திருந்தது. ஒரு கிளை முறிகிறதா, ஒரு நாய் மூச்சு விடுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நெடுநேரம் கேட்டது. யாரும் வரவில்லை. ‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகும் அது அங்கேயே, முழு உயிரோடு நின்றுகொண்டிருந்தது.

எவ்வளவு பெரிய நன்மைக்காக என்றாலும், ஓர் உயிரைச் சோதித்துப் பார்க்க நினைக்கிறவர் முதலில் அதனிடம் உண்மை முழுவதையும் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். அது வேண்டாம் என்று சொன்னால் விலகிப் போகவும் வேண்டும்.